குரங்கணிப் பாதை

"தேர்வுகள் முடிந்தவுடன், மார்ச்சுத் திங்களின் கடைசியில், எங்கள் பங்கின் இளைஞர் இருபது பேர் குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை நடந்தே ஏற விரும்புகின்றனர். என் மகளும் அவர்களுள் ஒருத்தி. அனுப்பலாமா?" என்று ஒரு தாய் நமக்கு எழுதியிருக்கின்றார். "மகள் அழுகின்றாள், அவள் தந்தையோ ஒன்றும் சொல்லாமல் இருக்கின்றார்" என்று கடிதத்தின் ஓரத்தில் ஒரு வரியும் சேர்த்திருக்கின்றார்.

அம்மையீர், மகளைக் கட்டாயம் அனுப்புங்கள். ஆனால் மார்ச்சில் அன்று.

இவ்விரண்டு வாக்கியங்களோடு நாம் நிறுத்திக்கொண்டால், மகள் நம்மை மன்னிக்கமாட்டாள். ஆகவே காரணங்களைச் சற்று விரிவாகவே சொல்லுகின்றோம். மேலும், அப்பாதையைப் பற்றிப் பேச வாய்ப்புக் கிடைக்கும்போது அதை நழுவவிடும் வழக்கம் நமக்கு இல்லை.

தேனி மாவட்டத்தில், போடிநாயக்கனூருக்கு மேற்கே ஏறக்குறைய பதினைந்து கிலோமீட்டரில் மலையடிவாரத்து ஊராகிய குரங்கணி இருக்கின்றது. இலவ மரங்களும் மாந்தோப்புகளும் காப்பித் தோட்டங்களும் சூழ்ந்த ஊர். அங்கிருந்து மேலே செல்லும் நடைபாதை, இடையில் 'சென்ட்ரல்' என்னும் சிற்றூரைத் தொட்டு, கேரள எல்லையோரத்தில் 1,700 மீட்டருக்கும் மேலான உயரத்திலுள்ள டாப் ஸ்டேஷனை அடைகின்றது. மலைமேல் ஓர் ஊருக்கு ஆங்கிலத்தில் 'உச்சி நிலையம்' என்று பெயர் வரக் காரணம் என்ன என்று பலர் கேட்பதுண்டு. அங்கே மெய்யாகவே ஓர் இரயில் நிலையம் இருந்தது. மூணாற்றுத் தேயிலைத் தோட்டங்களின் சரக்கை ஏற்றிவர 1902-இல் குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒற்றைத் தண்டவாளம் ஒன்று போடப்பட்டது. அதன்மேல் ஓடிய வண்டிகளை மாடுகள் இழுத்தன! 1908-இல் அதற்குப் பதிலாகக் குறுகிய இருப்புப்பாதை அமைக்கப்பட்டது. தேயிலைப் பெட்டிகள் டாப் ஸ்டேஷனில் இறக்கப்பட்டு, அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர் கீழிறங்கிக் கொட்டகுடியை அடைந்தன; பின்னர் வண்டிப்பாதையாகப் போடிக்குச் சென்றன. 1924-ஆம் ஆண்டின் பெருவெள்ளம் அந்த இருப்புப்பாதையை அடித்துச் சென்றது. அது மீண்டும் அமைக்கப்படவே இல்லை. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

பெட்டிகள் கம்பியில் இறங்கின; மனிதர் காலால் ஏறினர். மதுரைச் சீமையிலிருந்தும் தெற்கிலிருந்தும் தேயிலைத் தோட்டங்களுக்குப் பிழைக்கப் போன தமிழ்க் குடும்பங்கள், குழந்தைகளையும் சட்டிபானைகளையும் சுமந்துகொண்டு இம்மலைச் சரிவுகளின் வழியேதான் மேலேறின. அவர்களுள் எத்தனை பேர் திரும்பிப் பார்த்துக் காட்சியை வியந்திருப்பர் என்று நாம் சொல்ல இயலாது. இன்று நாம் இன்பத்திற்காக நடக்கும் பாதை, அவர்கள் வயிற்றுக்காக நடந்த பாதை.

காட்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதல் ஒரு மணி நேரம் ஒன்றும் தெரியாது, மரநிழலும் மூச்சிரைப்பும்தான். பின்னர் மரங்கள் விலகிப் புல்வெளி தொடங்கும் ஒரு வளைவில், நம்மை அறியாமலே நின்றுவிடுகின்றோம். கீழே கொட்டகுடி ஆற்றின் பள்ளத்தாக்கு. அதன் வாயிலில் சிதறிய சோழிகளைப் போலப் போடி நகரின் வீடுகள். அதற்கப்பால் தோப்புகளின் கரும்பச்சையும் கரிசல் நிலமும் மாறிமாறி அடிவானம் வரை. டிசம்பர், ஜனவரித் திங்கள்களில், வைகறையில் சென்றால் இவை எவையும் இரா. காலடியில் வெண்மேகம் கடலெனப் பரந்து கிடக்கும். கதிரவன் எழ எழ அம்மேகம் கிழிந்து, ஒவ்வோர் ஊராக வெளிப்படும். பலமுறை பார்த்தும் நமக்குச் சலிக்காத காட்சி அது.

அந்த அழகான புல்தான் இக்கடிதத்திற்கு நாம் 'மார்ச்சில் அன்று' என்று விடையிறுக்கக் காரணம்.

வடகிழக்குப் பருவமழை முடிந்தபின் அப்புல் காயத் தொடங்குகின்றது. அவ்வூரார் போதைப்புல் என்று அழைக்கும் அது ஆள் உயரத்திற்கு வளரக்கூடியது. கசக்கினால் எலுமிச்சை மணம் வீசும். அம்மணத்தைத் தரும் எண்ணெயே தீப்பற்றவும் துணை செய்கின்றது. பிப்ரவரி நடுவிலிருந்து கோடை மழை இறங்கும் வரை, அச்சரிவுகள் முழுவதும் காய்ந்த வைக்கோற்போர் என்றே கொள்ள வேண்டும்.

2018-ஆம் ஆண்டு மார்ச்சு 11-ஆம் நாள், தவக்காலத்தின் நான்காம் ஞாயிறு, நம்மில் பலர் திருப்பலி முடிந்து வீட்டில் இளைப்பாறிக்கொண்டிருந்த பிற்பகலில், குரங்கணி மலையில் தீ எழுந்தது. சென்னையிலிருந்தும், ஈரோடு, திருப்பூர்ப் பகுதிகளிலிருந்தும் வந்த இரு குழுவினர் முந்திய நாள் மலையேறி, கொழுக்குமலையில் தங்கி, இறங்கி வந்துகொண்டிருந்தனர். டாப் ஸ்டேஷன் பாதைக்கு அது வேறு பாதை. ஆனால் அதே மலை, அதே புல். அவர்களுள் பெண்களே மிகுதி, பெரும்பாலோர் இளையோர். அன்றும், பின்னர் மருத்துவமனைகளிலுமாக 23 பேர் இறந்தனர். முதலில் ஓடிச்சென்றவர்கள் அவ்வூர் மக்களே. கம்பளிகளையும் துணிகளையும் கம்புகளில் கட்டித் தூளியாக்கி, காயமுற்றோரை இருளில் சுமந்து இறக்கினர். விமானப் படையின் ஹெலிகாப்டர்களும் வந்தன. அதே ஆண்டு, மழைக்குப்பின், அம்மலைத் தொடரில் பன்னிரண்டாண்டுக்கு ஒருமுறை மலரும் குறிஞ்சி பூத்தது என்பதையும் இங்கே எழுதத் தோன்றுகின்றது. ஏன் என்று தெரியவில்லை.

இறந்தோரைக் குறை கூற நமக்கு மனம் இல்லை. ஆயினும் மலைத்தீயின் இயல்பைப் பெற்றோரும் பிள்ளைகளும் அறிந்திருத்தல் வேண்டும். சமவெளியில் எரியும் புல்லிலிருந்து நாம் ஓடித் தப்பலாம். சரிவில் அவ்வாறன்று. தீயின் வெப்பம் மேலே செல்வதால், மேலிருக்கும் புல்லை அது முன்னரே உலர்த்திப் பற்றவைக்கின்றது. சரிவு 10 பாகை கூடும்போதெல்லாம் தீயின் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகும் என்பது தீயணைப்போர் கைக்கொள்ளும் கணக்கு. பகலில் காற்றும் பள்ளத்திலிருந்து மேல்நோக்கியே வீசும். ஆகவே மேல்நோக்கி ஓடுகின்றவரைத் தீ முந்திவிடும். குறுகிய ஓடைப்பள்ளங்கள் அடுப்பின் புகைப்போக்கி போல் தீயை இழுக்கும். அங்கே ஒளிதல் ஆகாது. புல்லற்ற அகன்ற பாறையோ, ஏற்கெனவே எரிந்து கருகிய தரையோதான் புகலிடம். மலைக்குப் பருத்தி ஆடையே ஏற்றது. செயற்கை இழையாடை வெப்பத்தில் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும்.

இவற்றையெல்லாம் கற்றுக்கொண்டால் மார்ச்சிலும் போகலாம் அன்றோ என்று மகள் கேட்பாள். நம் வீட்டுப் பிள்ளையும் கேட்டான். இவை தப்பிக்க வழியின்றி அகப்பட்டவருக்கான அறிவு; புறப்படுவோருக்கான அனுமதி அன்று.

அத்துயரத்திற்குப் பின், அதே 2018-இல், மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தும் விதிகளைத் தமிழக அரசு வெளியிட்டது. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்னும் திட்டம் தொடங்கப்பட்டு, 14 மாவட்டங்களில் 40 பாதைகள் அறிவிக்கப்பட்டன. இணையத்தில் முன்பதிவு செய்துகொண்டு, பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டியுடன் செல்லும் ஏற்பாடு இது. தீக்காலத்தில் பாதைகள் மூடப்படுகின்றன. கட்டணத்தைக் கண்டு சிலர் முகஞ்சுளிக்கின்றனர்; 'நாங்கள் பார்க்காத மலையா' என்கின்றனர். அம்மலையில் பிறந்து வளர்ந்த ஒருவர் உடன்வருவதற்குக் கொடுக்கும் பணத்தை நாம் வீண் செலவாகக் கருதவில்லை. எந்த மேகம் மழையாகும், எந்தப் புகை வெறும் அடுப்புப் புகை என்பதை நாம் எந்நாளில் கற்கப்போகின்றோம்?

இனி, அம்மையீர், உங்கள் கேள்விக்கு வருவோம். இளைஞர்கள் தங்கள் பயணத்தைக் கிறிஸ்து பிறப்பு விழாவிற்கும் பொங்கலுக்கும் இடைப்பட்ட விடுமுறைக்கு மாற்றிக்கொள்ளட்டும். அப்பாதை அப்பருவத்தில் திறந்திருக்கின்றதா என்பதை வனத்துறையிடம் முன்னரே உறுதி செய்துகொள்ளட்டும். மூடியிருப்பின் திறந்திருக்கும் வேறொரு பாதையைத் தேர்ந்துகொள்ளட்டும். யார் யார் செல்கின்றனர், எந்தப் பாதையில், எப்போது திரும்புவர் என்னும் விவரம் எழுதிய தாள் ஒன்று பங்கு இல்லத்திலும் ஒன்று உங்கள் கையிலும் இருக்கட்டும். தீப்பெட்டி எவர் பையிலும் வேண்டாம், சோறு கட்டிக்கொடுங்கள். மகளின் தந்தையும் உடன் செல்லலாமே. பேசாமலிருப்பவர் மலைமேல் பேசக்கூடும், நாம் கண்டிருக்கின்றோம்.

இன்னொன்று. விடியுமுன் ஊரைவிட்டுப் புறப்பட்டு, வெளிச்சம் வந்தவுடன் நடக்கத் தொடங்கச் சொல்லுங்கள். முற்பகல் கடந்துவிட்டால் சமவெளியின் புழுதி மூட்டம் மேலெழுந்து போடியை மறைத்துவிடும். பிறகு புல்லை மட்டும்தான் பார்க்க முடியும்.