பின்விளக்கு விவகாரம்

எதிரே வரும் வண்டியின் வெள்ளை வெளிச்சம் கண்ணைப் பறிக்கிறதென்று இந்தப் பத்தியில் நான் எத்தனை முறை புலம்பியிருக்கிறேன் என்பதை வாசகர்கள் என்னைவிட நன்றாக அறிவார்கள். ஆகையால், இந்த வாரம் எங்கள் ஊரை ஒட்டிய நெடுஞ்சாலையில் போக்குவரத்துக் காவலர்கள் லாரிகளையும் கார்களையும் ஓரங்கட்டி, முன்விளக்குகளின் நடுவே கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டினார்கள் என்று கேள்விப்பட்டபோது எனக்கு உண்டான சந்தோஷம் கொஞ்சமன்று. அதைப் பாராட்டிப் பத்தி முழுவதும் எழுதுவதென்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் அன்று மாலையே, அந்தக் கறுப்புப் பொட்டைப் பெருமையுடன் தாங்கிக்கொண்டு என் மைத்துனருடைய பிக்கப் வண்டி வாசலில் வந்து நின்றது. முன்பக்கத்தில் இத்தனை சிரத்தை காட்டியவர்கள் பின்பக்கத்தையும் ஒருமுறை எட்டிப் பார்த்திருக்கலாகாதா என்ற எரிச்சலில் பாராட்டெல்லாம் கரைந்துபோயிற்று.

அந்த வண்டியை அறிமுகம் செய்ய அவசியமில்லை. ஒட்டன்சத்திரம் சந்தைக்குத் தக்காளியும் முருங்கையும் சுமந்து சுமந்து, அதன் நிறம் இன்னதென்பதை ஆர்.சி. புத்தகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்ள வேண்டிய நிலையை அது அடைந்துவிட்டதையும், அதன் கதவு கழன்ற புராணத்தையும் முன்பே விஸ்தாரமாகப் பாடியிருக்கிறேன். இம்முறை தோஷம் பின்விளக்கில். இடது இண்டிகேட்டரைப் போட்டால் அது எரியவில்லை; அதற்குப் பதிலாக வலப்பக்கத்துப் பிரேக் விளக்கு மங்கலாகக் கண்சிமிட்டிற்று. பிரேக்கை மிதித்தாலோ, இடது பிரேக் விளக்கு சோம்பிக் கிடக்க, வண்டியின் முன்னாலிருக்கும் இடது இண்டிகேட்டர் லேசாகச் சிவந்தது. ஓர் ஆட்டோ எலக்ட்ரீஷியன் பல்புகளை மாற்றினார். இன்னொருவர் ஃப்ளாஷர் ரிலேயை மாற்றினார். மூன்றாமவர், வயரிங் முழுவதையும் மாற்றினாலொழிய விமோசனமில்லை என்று ஒரு தொகையைச் சொன்னார்.

“பல்பைக் கழட்டிட்டு ஹோல்டர்ல மீட்டர் வச்சே காட்டிட்டார் மச்சான், பன்னிரண்டு வோல்ட் முழுசா வருது. வண்டிக்கு வயசாயிருச்சு, அவ்வளவுதான்” என்றார் மைத்துனர்.

பல்பைக் கழற்றிவிட்டு மீட்டர் வைத்துப் பார்க்கும் இந்த வழக்கத்தின்மேல் எனக்குள்ள பகை பழையது. அதன் நியாயத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வாசகர்கள் அனுமதிக்க வேண்டும். மோட்டார் வாகனத்தில் விளக்குக்கு மின்சாரம் போவதற்கு வயர் உண்டே தவிர, அது திரும்பி வருவதற்குப் பாட்டரி வரையில் தனி வயர் இழுப்பது அநேகமாக இல்லை. பாட்டரியின் நெகடிவ் முனையை வண்டியின் இரும்புடம்பில் பூட்டி, அந்த உடம்பையே ‘எர்த்து’ என்னும் திரும்பும் வழியாக வைத்துக்கொள்வதால் வயரில் ஏறக்குறையப் பாதி மிச்சமாகிறது. இந்தச் சிக்கன புத்தி மோட்டாருக்கும் முந்தியது. 1838இல் ஸ்டைன்ஹைல் என்ற ஜெர்மானிய விஞ்ஞானி, தந்திக்கு இரண்டாவது கம்பி வேண்டியதில்லை, பூமியே போதும் என்று காட்டிவிட்டார். ஆனால் பூமி துருப்பிடிப்பதில்லை. பிக்கப் வண்டியின் தொட்டி துருப்பிடிக்கிறது. தக்காளிக் கூடையிலிருந்து ஒழுகும் நீரும், மழைச்சேறும், துருவை மறைக்க அதன்மேலேயே அடித்த பெயிண்டும் சேர்ந்து, ஒரு விளக்குக் கூட்டின் பிரேக், இண்டிகேட்டர், பார்க்கிங் ஆகிய எல்லா இழைகளுக்கும் பொதுவான அந்த ஒற்றை எர்த்து ஸ்குருவைத் தின்றுவிடுகின்றன. வழி அடைபட்ட மின்சாரம் சும்மா இருப்பதில்லை. பக்கத்து இழைக்குள் எதிர்த்திசையில் புகுந்து, அதன் வயரிலேயே பின்னோக்கிச் சென்று, எர்த்து நன்றாயிருக்கும் வேறொரு விளக்கின் வழியாக வெளியேறுகிறது. இடது இண்டிகேட்டருக்கு வலது பிரேக் விளக்கு பதில் சொல்வது இதனால்தான். இதில் பல்புக்கும் ரிலேக்கும் யாதொரு சம்பந்தமுமில்லை.

அப்படியானால் மீட்டர் ஏன் பன்னிரண்டு வோல்ட் காட்டிற்று? இதற்கு விடை 1827இலேயே அச்சாகிவிட்டது. கொலோன் நகரத்தில் பள்ளி ஆசிரியராக இருந்த கியோர்க் சைமன் ஓம் என்பவர் அவ்வாண்டு வெளியிட்ட நூலை அவருடைய நாட்டுப் பண்டிதர்கள் அலட்சியம் செய்தார்கள். லண்டன் ராயல் சொசைட்டி அவருக்குக் காப்ளி பதக்கம் வழங்கியது 1841இல். தடையில் இழக்கப்படும் வோல்ட், அதன் வழியே ஓடும் மின்சாரத்தைப் பொறுத்தது என்பது அவர் கண்ட உண்மை. டிஜிட்டல் மீட்டர் இழுப்பது ஓர் ஆம்பியரில் ஏறக்குறையப் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. அந்த அற்பத்துக்குத் துரு தடையே அன்று, ஆகவே மீட்டர் பரம திருப்தியுடன் பன்னிரண்டு என்கிறது. 21 வாட் பிரேக் பல்போ ஒன்றேமுக்கால் ஆம்பியர் கேட்கிறது. எரியும்போது அதன் தடை சுமார் ஏழு ஓம். துருவின் தடையும் ஏழு ஓமாக இருந்துவிட்டால் வோல்ட்டில் பாதிக்குமேல் துருவுக்கே போய்விடும். இழைப் பல்புக்கு வோல்ட் பத்தில் ஒன்று குறைந்தாலே வெளிச்சம் ஏறக்குறைய முப்பது சதவீதம் குறைகிறதென்றால், பாதி வோல்ட்டில் என்ன மிஞ்சும்! வேலையில்லாதபோது யோக்கியனாயிருப்பவனை அழைத்துவந்து யோக்கியதாபத்திரம் வாங்கிக்கொள்வதே அந்தச் சோதனை.

சரியான சோதனைக்குப் பல்பு அதன் இடத்தில் இருக்க வேண்டும். சுவிட்சைப் போட்டிருக்க வேண்டும். மீட்டரின் ஒரு முனை பாட்டரி நெகடிவிலும் மறுமுனை ஹோல்டரின் உலோகத்திலும் இருக்க வேண்டும். எர்த்து சரியாயிருந்தால் அங்கே காண்பது ஒரு வோல்ட்டில் சிறு பின்னமே. மைத்துனர் வண்டியில் ஒன்பதுக்கு மேல் காட்டிற்று. மீட்டரும் அவசியமில்லை. ஹோல்டரிலிருந்து பாட்டரி நெகடிவுக்கு ஒரு நீள வயரைத் தொட்டுக் காட்டினேன். இரண்டு எலக்ட்ரீஷியன்களும் புது பல்புகளும் சாதிக்காத பிரகாசம் அக்கணமே வந்தது. ஸ்குருவைக் கழற்றி, தகடு வெள்ளையாகும்வரை உப்புத்தாளால் தேய்த்து, கிரீஸ் தடவி, தொட்டியை நம்பாமல் சேஸிஸுக்கே தனி வயர் ஒன்று இழுத்துப் பூட்டியதில் செலவு ஒரு டீக்கும் குறைவு. வயரிங் முழுவதும் மாற்றச் சொன்னவரிடம் இதைச் சொல்லிவருமாறு மைத்துனரைக் கேட்டுக்கொண்டேன். அவர் மறுத்துவிட்டார், புது பல்பு போட்டதால்தான் எரிகிறது என்பது அவருடைய அபிப்பிராயம்.

இந்த அபிப்பிராயத்தை அசைக்கும் பொருட்டே இன்னொன்றைச் சொன்னேன். என்ஜின் ரப்பர் மெத்தைகள்மேல் உட்கார்ந்திருப்பதால் அதற்கும் சேஸிஸுக்கும் நடுவே பின்னிய செம்புப் பட்டை ஒன்று உண்டு; அது அறுந்துபோனால், டீசல் ஸ்டார்ட்டர் இழுக்கும் சில நூறு ஆம்பியரும் திரும்புவதற்கு வேறு வழியின்றி ஆக்ஸிலரேட்டர் கேபிளில் புகுந்து அதைச் சுட்டுப் பொசுக்கிவிடுவதுண்டு என்றேன். மைத்துனர் பேசாமல் எழுந்துபோய் போனட்டைத் திறந்தார். பட்டையின் ஒரு முனை கழன்றேதான் தொங்கிற்று. ஆக்ஸிலரேட்டர் கேபிளைப் போன மாதந்தான் மாற்றினாராம், ஏன் பொசுங்கியதென்று எவருக்கும் புரியவில்லையாம்.