நுங்கு வாங்கப் போகிறீர்களா?

சித்திரை வெயிலில் தெருவோரத்து நுங்குக் குலையைக் கண்டால் யாருக்குத்தான் கால் நகரும்? ஆனால், வாங்கும்போது கொஞ்சம் ஜாக்கிரதை வேண்டும், சகோதரிகளே!

ஒரு காயில் பெரும்பாலும் 3 கண் உண்டு. விரலால் அழுத்திப் பாருங்கள். மெத்தென்று, உள்ளே நீர் ததும்பினால் இளசு. தேங்காய்போல் கெட்டியாக இருந்தால் முற்றல். அதைக் குழந்தைக்குக் கொடுத்துவிட்டு, வயிற்றுவலி என்று இரவெல்லாம் விழித்திருக்கப் போவது நீங்கள்தான்!

நுங்கில் பெரும்பகுதி தண்ணீர். கொழுப்பு இல்லையென்றே சொல்லலாம். தாகத்துக்கு நல்லது, பசிக்குச் சோறாகாது. துவர்க்கும் மேல்தோலை எறிந்துவிடாதீர்கள். வேர்க்குருவுக்கு அதைத் தடவுவது பாட்டிமார் கைவைத்தியம். பாயசம் வேண்டுமா? பாலைக் காய்ச்சி, சர்க்கரையும் ஏலமும் போட்டு, நன்றாக ஆறியபின் நறுக்கிய நுங்கைச் சேருங்கள். கொதிக்கவிட்டால் ருசி போய்விடும்.

வெட்டாத காய் நிழலில் இரண்டொரு நாள் தாங்கும். வெட்டியெடுத்த சுளை அன்றன்றே தீரவேண்டும். பிரிஜ்ஜில் மூடி வைத்தாலும் மறுநாளைக்கு மேல் வேண்டாம். புளித்த வாடை வந்தால் தயங்காமல் கொட்டிவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. பற்றிக்கொள்ளக் கிளையில்லாத மரம் பனை. 60 அடி உயரம் ஏறி, உயிரைப் பணயம் வைத்து ஒருவர் இறக்கிய குலை அது. பேரம் பேசுமுன் ஒரு தடவை அண்ணாந்து பாருங்களேன்!