எலி மருந்துக்குக் காசு இருக்கு, ஓட்டையை அடைக்க ஆள் இல்லை

நெல்லித்தோப்பில் வாடகைக்கு வீடு பார்க்க வருகிறவர்கள் தண்ணீர் எத்தனை மணிக்கு வரும், வண்டி விட இடம் இருக்கா, அட்வான்ஸ் எவ்வளவு என்றெல்லாம் கேட்பார்கள். சமையலறை சிங்குக்குக் கீழே குனிந்து பார்க்கிறவர் மட்டும் யாரும் இல்லை. விஷயமே அங்கேதான் இருக்கிறது. ஒன்றரை அங்குலக் குழாய் போவதற்கு மூன்று அங்குலம் சுவரை உடைத்து, குழாயைச் சொருகி, சுற்றியுள்ள இடைவெளியை அப்படியே விட்டுவிட்டுப் போயிருப்பார் பிளம்பர். கேட்டால் "பூச்சு வேலை கொத்தனாருது சார்" என்பார். கொத்தனார் அதற்கு முன்னாடியே கணக்கு முடித்துக் கிளம்பியிருப்பார். குழாயின் மறுமுனை தெரு வாய்க்கால் பக்கம். வாய்க்காலில் பெருச்சாளி. அப்புறமென்ன, ராஜபாட்டைதான்!

குளிர்நாடுகளில் அறையைச் சூடாக்கும் வெந்நீர்க் குழாய்கள் சுவரைத் துளைத்துப் போகும் இடத்தில் இதே கதை நடக்கிறது. இங்கே அந்தக் குழாய் கிடையாது. பதிலாக சிங்க் குழாய், வாஷிங் மெஷின் குழாய், கீசர் குழாய், ஏசியின் செப்புக் குழாய், கேபிள் வயர், கடப்பாக் கல்லில் கேஸ் டியூபுக்குப் போட்ட துளை. எண்ணிப் பார்த்தால் ஒரு சின்ன வீட்டிலேயே ஏழெட்டு தேறும். சுண்டெலிக்கு 6 மில்லிமீட்டர் சந்து போதும், அதாவது ஒரு பென்சில் நுழைகிற அளவு. பெரிய எலிக்கு 12 மில்லிமீட்டர். தலை நுழைந்துவிட்டால் உடம்பைக் குறுக்கிக்கொண்டு வந்துவிடும்.

இதற்கு ஊர் செய்கிற வைத்தியம் என்ன? எலி மருந்து. அது சரிப்படவில்லை என்றால் பசை அட்டை. அதுவும் ஆகவில்லை என்றால் "பெஸ்ட் கன்ட்ரோல்" ஆட்கள். உள்ளே இருக்கிற நாலு எலி சாகும், ஒன்று பரண் மேல் செத்து ஒரு வாரம் நாறும். ஓட்டை திறந்தே இருப்பதால் வாய்க்காலில் இருந்து அடுத்த நாலு வரும். எலிக்குக் கர்ப்பகாலம் மூன்று வாரம்தான், ஒரு ஈற்றில் ஆறு, எட்டு என்று போடும். இந்தக் கணக்கில் மருந்து எப்போது ஜெயிப்பது?

மருந்து எலியோடு நிற்பதும் இல்லை. 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில் ஒரு வீட்டுக்கு ஆட்கள் வந்து எலி மருந்து வைத்துவிட்டுப் போனார்கள். இரவு ஏசி போட்டுத் தூங்கிய அந்தக் குடும்பத்தில் இரண்டு சின்னக் குழந்தைகள் இறந்துபோனார்கள். பெற்றோரும் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். அந்த வாரம் முழுக்கப் பேச்சு மருந்து வைத்தவர்களைப் பற்றித்தான். பேச வேண்டியதுதான். ஆனால் வீடுகளுக்குள் எலி எந்த வழியாக வருகிறது என்ற பேச்சை யாரும் எடுக்கவில்லை. பெட்டிக்கடை வரை வந்துவிட்ட மஞ்சள் பாஸ்பரஸ் எலிப்பசை இன்னொரு கொடுமை. ஈரலை அழிக்கும், மாற்று மருந்து கிடையாது.

"எலி எந்த வீட்டுலம்மா இல்ல? ஒரு மருந்து வாங்கி வெச்சுருங்க" என்பது வீட்டு ஓனர்களின் தேசிய கீதம். ப்ளஸ் டூ கணக்குப்பதிவியல் படித்தவர்களுக்கு இதில் உள்ள தந்திரம் சட்டென்று புரியும். ஓட்டையை அடைப்பது முதலினச் செலவு, ஒருமுறை செய்தால் பல வருஷம் நிற்கும். அதை ஓனர் செய்ய வேண்டும். மருந்து வருவாயினச் செலவு, மாதாமாதம் வரும். அதைக் குடியிருப்பவர் கட்டுகிறார். ஓனர் மிச்சம் பிடித்த நூறு, இருநூறை குடித்தனக்காரர் வருஷக் கணக்கில் தவணை கட்டித் தீர்க்கிறார், வட்டியாக அரிசி மூட்டையில் ஓட்டையும், மழைக்காலத்தில் எலிக்காய்ச்சல் பயமும். (எலி மூத்திரம் கலந்த தண்ணீர் காலில் இருக்கிற ஒரு சின்னச் சிராய்ப்பில் பட்டாலே தொற்றிக்கொள்ளலாம்.) கடித்தது கேஸ் டியூப் என்றால் கதையே வேறு.

பூனை வளர்த்தால் போதும் என்கிறவர்களும் உண்டு. பால் கிண்ணம் நிறைந்திருக்கிற பூனை எத்தனை எலி பிடிக்கும் என்று அவர்களே சொல்லட்டும்.

அடைப்பதிலும் அரைகுறை வேலை நடக்கிறது. பழந்துணியைத் திணிப்பது, காகிதம், தெர்மாகோல், இப்போது புதுசாக ஸ்ப்ரே ஃபோம். எல்லாமே எலிக்குப் பல்பொடி மாதிரி! அதன் முன்பற்கள் வளர்ந்துகொண்டே இருப்பவை, கொறிப்பது அதன் பிழைப்பு. பல் இறங்காத பொருள்தான் வேண்டும். பாத்திரம் தேய்க்கிற ஸ்டெயின்லெஸ் கம்பி நாரைக் குழாயைச் சுற்றி இறுக்கித் திணித்து, மேலே சிமெண்ட் கலவையோ எம்-சீலோ பூசினால் முடிந்தது. (சாதா இரும்பு நார் கடல்காற்றில் துருப்பிடித்து உதிர்ந்துவிடும்.) பெரிய ஓட்டைக்கு கம்பி வலை வைத்துப் பூச வேண்டும். பாத்ரூம் தரையில் உடைந்த ஜாலியை மாற்ற வேண்டும். வெளிச்சுவர்ப் பக்கமும் பூசாவிட்டால் சுவருக்குள் குடும்பம் நடத்தும்.

ஒன்று, குழாய்க்குள்ளேயே வருவதை இந்தப் பூச்சு தடுக்காது. 2024 ஜூனில் பக்கத்திலேயே ரெட்டியார்பாளையம் புதுநகரில் பாதாளச் சாக்கடையின் விஷவாயு கழிவறை வழியாக வீடுகளுக்குள் வந்து மூன்று பேர் இறந்தார்கள். தண்ணீர் தேங்கி நிற்கும் வளைவு குழாயில் இருக்கிறதா என்று பார்ப்பது தனி வேலை. அதையும் பிளம்பர் வந்த அன்றே கேட்டுவிடலாம்.

மொத்தச் செலவு ரெண்டு பிரியாணி விலை தாண்டாது. ஓனர் வரமாட்டேன் என்றால் குடியிருப்பவரே ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அடைத்துவிட்டு, ஹார்ட்வேர் கடை பில்லை அடுத்த மாத வாடகையோடு சேர்த்து நீட்டட்டும், கழித்துக்கொண்டு.