கார் பளபளப்புக்குச் சீட்டுப் பணமா?

என்னவர் செகண்ட் ஹேண்டில் ஒரு கறுப்பு கார் வாங்கினார். "செராமிக் கோட்டிங் போட்டா கண்ணாடி மாதிரி இருக்கும்"னு கடைக்காரர் சொல்ல, என் சீட்டுப் பணத்தில் கை வைக்கப் பார்த்தார். நான் நாலு இடத்தில் விசாரித்தேன்.

ஆழமான பளபளப்பு முக்கால்வாசி பூச்சில் இல்லை. அதற்கு முன்னால் கீறல் போகப் போடும் பாலிஷில்தான் இருக்கிறது. பாலிஷ் இல்லாமல் பூசினால் கீறலும் உள்ளேயே தங்கிவிடும். மெழுகு சில வாரம், சில மாதம்தான். செராமிக் வருஷக்கணக்கில் நிற்கும், மறுக்கவில்லை. ஆனால் கல் தெறித்தால் இரண்டுமே காப்பாற்றாது.

எங்கள் தூத்துக்குடியில் உப்பளக் காற்று போதாதென்று, அனல்மின் நிலையத்துக்காகத் துறைமுகத்தில் இறங்கும் நிலக்கரியின் தூசி வேறு! அதை உலர்ந்த துணியால் துடைப்பதுதான் பெயின்டுக்கு எமன். முதலில் நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவணும். (இதைச் சொன்னால் ஆம்பளைங்க கேக்கவா போறாங்க?) உப்புக் காற்றில் துரு பிடிப்பது கண்ணில் படாத அடிப்பாகத்தில். அதனால் பாலிஷுக்கும், அடியில் அடிக்கும் துரு தடுப்புப் பூச்சுக்கும் மட்டும் பணம் கொடுத்தேன். மெழுகை ஞாயிற்றுக்கிழமை நிழலில் நிறுத்தி அவரே தேய்க்கட்டும். மீதிப் பணம் மகள் பேரில் பேங்கில் இருக்கு.

- ஒரு வாசகி, தூத்துக்குடி.