மருத்துவமனை எவ்வளவு தூரம்?

உயிர்மருத்துவப் பொறியியல் பயில ஜான்ஸ் ஹாப்கின்ஸும் டியூக்கும் ஒருசேர இடமளித்துவிட, எதை ஏற்பதென்று தவிக்கும் மாணவனிடம் தரவரிசைப் பட்டியலை நீட்டுவோர் பலர். நானோ, பொறியியற்கூடத்திலிருந்து நோயாளியின் படுக்கைக்கு எவ்வளவு தூரம் என்பதையே முதலில் விசாரிக்கச் சொல்வேன். 1944-இல் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில், நீலம் பாரித்த குழந்தைக்கு நடந்த பிரசித்தமான இருதய சத்திரசிகிச்சைக்கென ஊசிகளையும் இடுக்கிகளையும் அச்சிற்றுடலுக்கு ஏற்பத் திருத்தியமைத்த விவியன் தாமஸ், வறுமையினால் கல்லூரிப் படிப்பை இழந்தவர். அவருடைய சாமர்த்தியம் அறுவை மேசையின் அருகாமையில் விளைந்தது. அந்தக் கீர்த்தி ஹாப்கின்ஸுக்கே உரியதெனினும், இன்று அங்கு இளநிலை மாணவர் பயிலும் ஹோம்வுட் வளாகத்திலிருந்து அம்மருத்துவமனைக்குப் பேருந்தேற வேண்டும். டர்ஹாமிலுள்ள டியூக்கிலோ நடந்தே போய்விடலாம். கட்டணமும் உதவித்தொகையும் சமமாயிருப்பின் (அது அபூர்வந்தான்!) நான் டியூக்கையே சிபாரிசு செய்வேன்.