சின்னத் தோட்டாவும் பெரிய அச்சமும்

துப்பாக்கித் தோட்டாவின் விலையேற்றத்தைப் பற்றி இலக்கியம் பேசும் நமக்கு என்ன கவலை என்று அன்பர்கள் சிலர் வியக்கக்கூடும். பஞ்சம், பதுக்கல், அச்சம் ஆகிய மூன்றும் எங்கே கூடினாலும் அங்கே மனித மனம் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. மனித மனம் வெளிப்படும் இடமெல்லாம் இலக்கிய வாசகனுக்கும் உரிய இடமே. ஆகவேதான் அமெரிக்காவில் 2012க்குப் பின் இருமுறை நேர்ந்த ஒரு விந்தையான தட்டுப்பாட்டை இங்கே எடுத்துக்கொள்கிறோம்.

முதலில் பொருளை அறிமுகம் செய்துகொள்வோம். நம் கல்லூரிகளில் என்.சி.சி. பயின்றவர்கள் .22 ரைஃபிளை அறிவர். அத்தகைய ரைஃபிளில் இடப்படும் சிறு தோட்டாவே நம் பேசுபொருள். நீளம் ஓர் அங்குலம். ஈயக்குண்டின் எடை பெரும்பாலும் 40 கிரெய்ன், அதாவது ஏறத்தாழ 2.6 கிராம். உதைப்பு குறைவு, ஓசை குறைவு, விலையும் குறைவு. இன்று பெருவழக்கிலுள்ள .22 லாங் ரைஃபிள் வகை 1887இல் அமெரிக்காவில் உருவானது. அங்குள்ள சிற்றூர்களில் தந்தை தன் பிள்ளைக்குத் துப்பாக்கி பிடிக்கக் கற்பிப்பதும், அணில், முயல் வேட்டைக்குச் செல்வோர் எடுத்துச்செல்வதும், ஒலிம்பிக்கில் 50 மீட்டர் ரைஃபிள் வீரர் சுடுவதும் இதே தோட்டாதான். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் கோலாப்பூர் மாவட்டத்தைச் சேர்ந்த ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்றது இத்தோட்டாவைக் கொண்டே.

இதற்கு ‘ரிம்ஃபயர்’ என்ற பெயர் வந்ததற்குக் காரணம் உண்டு. பெரிய தோட்டாக்களில் தீப்பற்றவைக்கும் மருந்து, அடிப்பாகத்தின் நடுவே தனியொரு சிறு கிண்ணத்தில் இருக்கும். சுட்டபின் அக்கிண்ணத்தை நீக்கிப் புதியதைப் பொருத்தி, மருந்து கெட்டித்து, குண்டைச் செருகினால் அதே பித்தளைக் கூட்டை மீண்டும் பயன்படுத்தலாம். ரிம்ஃபயரிலோ அம்மருந்து அடிவிளிம்பின் மடிப்புக்குள் பரவியிருக்கும். துப்பாக்கியின் ஊசி அவ்விளிம்பை நசுக்கும்போது தீப்பற்றும். நசுங்கிய விளிம்பைச் சீராக்கி மீண்டும் மருந்திடுவது வீட்டில் ஆகிற காரியமன்று. ஆகவே தட்டுப்பாடு வந்தால் பெரிய தோட்டாக்காரர் கைத்தொழிலால் ஓரளவு சமாளிப்பார். சின்னத் தோட்டாக்காரருக்குக் கடையன்றி வேறு கதியில்லை.

2012 டிசம்பர் 14 அன்று கனெக்டிகட் மாநிலத்தின் நியூடவுன் நகரப் பள்ளியொன்றில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் சுட்டுக் கொல்லப்பட்டனர். அத்துயரத்தை அடுத்துத் துப்பாக்கிச் சட்டங்கள் கடுமையாகும் என்ற பேச்சு எழுந்தது. பேச்சு எழுந்ததும் மக்கள் கடைகளை மொய்த்தனர். வாங்குவோரின் பின்புலத்தை ஆராயும் முறையை விரிவாக்கும் திருத்தம் 2013 ஏப்ரலில் செனட்டில் தோற்றது. .22 தோட்டாவைத் தடை செய்வது அதன் நோக்கமாகவும் இருந்ததில்லை. ஆயினும் கடைத்தட்டுகளில் முதலில் மறைந்தவற்றுள் ஒன்றாகவும், கடைசியில் திரும்பியதாகவும் இச்சின்னத் தோட்டாவே இருந்தது. ஏறத்தாழ மூன்றாண்டுகள் அது கிடைப்பதே அரிதாயிற்று. ‘செங்கல்’ என்று அவர்கள் அழைக்கும் 500 தோட்டாக் கட்டு 2012இல் ஏறத்தாழ 20 டாலருக்குக் கிடைத்தது. பின்னர் மறுவிற்பனைக்காரர்கள் அதை இரண்டு மடங்குக்கும் மூன்று மடங்குக்கும் விற்றனர். வால்மார்ட் நிறுவனம் ஒருவருக்கு ஒரு நாளைக்கு மூன்று பெட்டிதான் என்று வரம்பு விதித்தது. ரேஷன் கடையில் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்ற நம் தலைமுறைக்கு இக்காட்சி புதிதன்று. ஆனால் நாம் அடுப்பெரிய நின்றோம்.

அரசாங்கமே தோட்டாக்களையெல்லாம் வாங்கிக் குவிக்கிறது என்றொரு வதந்தியும் பரவியது. உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் கொள்முதலை ஆராய்ந்த அரசுக் கணக்காய்வு அலுவலகம், 2009 நிதியாண்டுக்குப் பின் அக்கொள்முதல் குறைந்தே வந்துள்ளதென 2014 ஜனவரியில் அறிவித்தது. அறிக்கையைப் படித்தவர் சிலர். வதந்தியைக் கேட்டவர் பலர்.

ஆலைகள் ஏன் உற்பத்தியைப் பெருக்கவில்லை என்ற கேள்வி நியாயமானது. அவை இரவு பகலாக இயங்கவே செய்தன. ஆனால் விளிம்புக்குள் ஈரமருந்தைச் சுழற்றிப் பரப்பும் வேலை ஆபத்தானது. தனி எந்திரமும் தேர்ந்த கையும் வேண்டுவது. இன்றைய பீதிக்காகப் புதிய ஆலை கட்டினால், நாளை பீதி தணிந்ததும் அது தூங்கும். அவ்வச்சம் வீணன்று. 2016 தேர்தலுக்குப் பின் சட்டம் பற்றிய கவலை தணிந்தது, விற்பனை சரிந்தது, ஏற்கெனவே கடனில் இருந்த ரெமிங்டன் நிறுவனம் 2018இல் திவால் மனு அளித்தது. 2020 ஜூலையில் மீண்டும் அளித்தது. கொள்ளைநோய்க் காலத்தில் தேவை விண்ணை முட்டிய அதே வேளையில் அதன் தோட்டா ஆலை முடங்கிக் கிடந்து கைமாறியது. 2020இல் முதன்முறையாகத் துப்பாக்கி வாங்கியோர் 84 இலட்சம் பேர் என்று அத்தொழிலின் சங்கமான என்.எஸ்.எஸ்.எஃப். மதிப்பிட்டது. இரண்டாம் பஞ்சம் அப்படி வந்தது.

இனி நம் கருத்துக்கு வருவோம். இப்பஞ்சம் ஆலையில் பிறந்ததன்று. வாங்குவோர் மனத்தில் பிறந்தது. “நான் வாங்காவிட்டால் இன்னொருவன் வாங்கிவிடுவான்” என்று ஒவ்வொருவரும் எண்ணினர். தனித்தனியே பார்த்தால் அவ்வெண்ணத்தில் பிழை காண்பது கடினம். ஊரே அப்படி எண்ணும்போதுதான் அது பஞ்சமாகிறது. பதுக்குபவன் பஞ்சத்திலிருந்து தப்புவதாக நினைக்கிறான். பஞ்சமே அவன்தான்.

விலையை ஏற்றிவிட்டால் பதுக்கல் தானே அடங்கும் என்பார் உண்டு. அடங்கலாம். ஆனால் அவ்விலையைக் கொடுக்க இயலாதவர் யார்? மலிவு என்ற ஒரே காரணத்தால் .22 தோட்டாவைக் கைக்கொண்ட மாணவர். வார இறுதியில் சங்கக் களத்தில் பயிலும் சிறுவர், சிறுமியர். அவர்களுக்கு இலவசமாகக் கற்பிக்கும் முதியவர். கிடங்கில் பத்தாயிரம் வைத்திருப்பவருக்கு இழப்பில்லை. துப்பாக்கி வழங்கும் சமூகத்தில் மிகவும் வேண்டப்படுவது, அதைப் பாதுகாப்பாகக் கையாளும் ஒழுக்கம். அவ்வொழுக்கம் பலருக்கும் கைவருவது இச்சின்னத் தோட்டாவால்தான். அது எட்டாக் கனியானால், வாங்குவோர் பெருகியும் பயின்றோர் அருகிய நிலை வரும். நம் அச்சம் அதுவே.

அப்படியெனில் எப்படிச் சமாளிப்பது? பயில்வோர் சிலர் கண்ட வழிகள் எளியவை. மாதம் எத்தனை சுடுகிறோம் என்று கணக்கெழுதி, சில மாதத் தேவைக்கு மட்டும் வாங்குவது. போட்டிக்கான உயர்ரகத்தையும் பயிற்சிக்கான மலிவு ரகத்தையும் பிரித்துவைப்பது. அடிப்படைப் பயிற்சியைக் காற்றுத் துப்பாக்கிக்கு மாற்றுவது; ஒலிம்பிக்கிலேயே 10 மீட்டர் போட்டி அதில்தான் நடக்கிறது. தோட்டாவின்றி விசையை அழுத்திப் பழகுவதும் உண்டு. ஆனால் ரிம்ஃபயர் துப்பாக்கிகள் பலவற்றில் வெறுமனே விசையை இழுத்தால் ஊசி அறையின் விளிம்பில் மோதிச் சேதம் விளையும். அதற்கென உள்ள போலித் தோட்டாவை இடவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஓர் அட்டைக்கு ஐந்தே தோட்டா என்று வகுத்து, ஒவ்வொன்றும் எங்கே பட்டது, ஏன் பட்டது என்று குறித்துக்கொள்வது. மலிவான காலத்தில் ஐம்பது சுட்டும் கல்லாததை, அரிதான காலத்தில் ஐந்து கற்பித்துவிடும்.

புறநானூறு காட்டும் வல்வில் ஓரி ஒரே அம்பால் யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஆகிய ஐந்தையும் வீழ்த்தினான். புலவரின் மிகை என்றே கொள்வோம். ஆயினும் அங்கே போற்றப்படுவது அம்பறாத்தூணியின் நிறைவன்று, எய்தவனின் திறம்.

கடைக்காரருக்கும் சங்கங்களுக்கும் ஒன்று சொல்வோம். ஆளுக்கு இத்தனை என்ற வரம்பு மட்டும் போதாது. வரம்பைக் கண்டதும் மேலும் அஞ்சி வரிசைக்கு வருவோர் உண்டு. வரும் சரக்கில் ஒரு பங்கைப் பயிலும் இளையோருக்கென முன்கூட்டியே ஒதுக்கிவிடுவதே நேர்மையான பங்கீடு. கையிருப்பு மிகுந்தவர் பஞ்சகாலத்தில் ஒரு பெட்டியை அக்களத்துக்குக் கொடுத்தாலும் போதும். மூன்று மடங்கு விலைக்கு விற்க வருபவரிடம் வாங்காதிருத்தல் அதனினும் நன்று. அடுத்த பீதி என்று வரும் என்பதை எவரும் அறியார். வந்தால் அன்று வெறுங்கையோடு நிற்கப்போகிறவர், இன்று முதன்முதலாகக் குறிபார்க்கக் கற்றுக்கொண்டிருக்கும் பிள்ளைகள்தாம்.