தொட்டி காலியான செய்தி யாருக்குப் போகிறது?

மலையூர் ஒன்றில் குடிநீர் மோட்டார் நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். முதல் நாள், ‘கரண்ட் இல்லைபோல’ என்று ஊர் பேசாமல் இருக்கும். மறுநாள் டேங்க் ஆபரேட்டர் ஸ்டார்ட்டரைப் போட்டுப் பார்ப்பார். போட்ட வேகத்தில் ட்ரிப் ஆகும். செய்தி ஊராட்சிச் செயலருக்குப் போகும், அவரிடமிருந்து ஒன்றிய அலுவலகத்துக்குப் போகும். அங்கே மதிப்பீடு போட வேண்டும். பிறகு போரிலிருந்து மோட்டாரைத் தூக்க ஆள் வேண்டும். சங்கிலிக் கப்பி கட்டி, குழாயை ஒவ்வொரு துண்டாகக் கழற்றிக் கழற்றி மேலே எடுப்பது நான்கைந்து பேர் சேர்ந்து செய்யும் வேலை. எடுத்த மோட்டார் காயில் கட்ட டவுனுக்கு இறங்கும். கட்டிய பின் மறுபடி மலையேறும். அத்தனை நாளும் பெண்களின் இடுப்பில் குடம் ஏறி இறங்கும்.

இதில் சென்சார் குறைக்கக்கூடியது எந்த நாளை? பழுதானது தெரியவருவதற்கு ஆகும் ஒன்றிரண்டு நாட்களை மட்டுமே. மீதி நாட்கள் அப்படியே இருக்கும். தொலைவிலிருந்தே கிராமக் குடிநீரைக் கண்காணிக்கலாம் என்ற பேச்சு வரும்போதெல்லாம் இந்தக் கணக்கைத்தான் முதலில் போட வேண்டும்.

தருமபுரி நகரிலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டரில் இருக்கும் வத்தல்மலை இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கப் பொருத்தமான இடம். இருபதுக்கும் மேற்பட்ட கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டினால் பெரியூர், பால்சிலம்பு, சின்னாங்காடு, ஒன்றிக்காடு என்று மலையாளிப் பழங்குடியினரின் சிற்றூர்கள் தள்ளித்தள்ளிக் கிடக்கின்றன. அரசுப் பேருந்து ஏறியதே 2022-இல்தான். மலையடிவாரத்துக் கதை வேறு. ஃபுளோரைடு கலந்த நிலத்தடி நீரால் பல்லும் எலும்பும் கெட்டுப்போன தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்காக ஜப்பான் கடனுதவியோடு 1,928.80 கோடி ரூபாயில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. 2013-இல் பயன்பாட்டுக்குத் திறக்கப்பட்டது. அந்த அளவுத் திட்டங்களில் அழுத்தமானியும் ஓட்டமானியும் கட்டுப்பாட்டு அறையும் பொறியாளர்களுக்குப் பழகிய சமாச்சாரம். ஒரு போர், ஒரு மேல்நிலைத் தொட்டி, ஐம்பது அறுபது வீடு என்றிருக்கும் மலைச் சிற்றூரின் பக்கம்தான் இந்தக் கருவிகள் எட்டிப் பார்ப்பதில்லை.

2019 ஆகஸ்ட் 15 அன்று அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டம் இந்த இடைவெளியை ஒப்புக்கொண்டது. ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் தருவோம் என்று சொன்னால், தருகிறோமா என்று அளக்கவும் வேண்டுமல்லவா? 2020-இல் கிராமக் குடிநீரை அளந்து கண்காணிக்கும் கருவிகளுக்காக மத்திய அரசு ஒரு போட்டியே நடத்தியது. அதே ஆண்டில் உத்தராகண்ட், இமாசலப் பிரதேசம், ராஜஸ்தான், குஜராத், மகாராஷ்டிரம் ஆகிய மாநிலங்களின் சில கிராமங்களில் டாடா அறக்கட்டளைகள் வழியாக வெள்ளோட்டமும் நடந்தது. போரின் நீர்மட்டம், குழாயின் ஓட்டம், அழுத்தம், குளோரின் அளவு ஆகியவற்றைச் சென்சார்கள் அளந்து அனுப்பின.

தொழில்நுட்பம் தருமபுரி விவசாயிக்குப் புதிதல்ல. வீட்டிலிருந்தபடியே செல்போனில் தோட்டத்து மோட்டாரைப் போட்டு நிறுத்தும் கருவிக்கு வேளாண்மைப் பொறியியல் துறையே மானியம் கொடுக்கிறது. தன் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்வதை ஒருவர் கைப்பேசியில் பார்க்கிறார். ஊர்த் தொட்டி நிறைந்ததா என்று தெரிய ஏணி ஏறி மூடியைத் திறக்கிறார். கருவி இல்லாத குறையில்லை இது.

சென்சார் வைத்தால் பழுது விரைவில் சரியாகுமா என்பது ஆப்பிரிக்காவில் சோதித்தே பார்க்கப்பட்டது. கென்யாவின் கியூசோ பகுதியில் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கைப்பம்புகளின் பிடிக்குள் சிறு கருவியைப் பொருத்தினார்கள். பிடியின் அசைவை எண்ணி அது குறுஞ்செய்தியாக அனுப்பும்; அசைவு நின்றால் பம்பு பழுது என்று பொருள். சராசரியாக 27 நாட்கள் கெட்டுக் கிடந்த பம்புகள் மூன்று நாட்களுக்குள் ஓடத் தொடங்கின. கருவியின் வெற்றி என்று இதைப் பலரும் எழுதினார்கள். செய்தி வந்ததும் கிளம்பிப் போக ஒரு மெக்கானிக் குழு தயாராக இருந்தது என்பது அவ்வளவாக எழுதப்படவில்லை.

ருவாண்டாவில் நடந்து 2015-இல் வெளியான ஆய்வு இன்னும் தெளிவாகச் சொல்கிறது. 181 கைப்பம்புகளில் சென்சார் வைத்து அவற்றை மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். முதல் பிரிவில் வழக்கமான பராமரிப்பு: ஊர்க்காரர்கள் சொன்னால்தான் ஆள் வரும். இரண்டாவதில் மெக்கானிக் முறைவைத்துச் சுற்றி வருவார். மூன்றாவதில் சென்சார் சொன்னதும் ஆள் புறப்படும். பழுது சரியாக ஆன காலம் முறையே சுமார் 152, 57, 21 நாட்கள். மூன்று பிரிவிலும் சென்சார் இருந்தது என்பதைக் கவனியுங்கள். முதல் பிரிவுப் பம்புகள் கெட்டது எல்லாம் கணினியில் துல்லியமாகப் பதிவாகிக்கொண்டுதான் இருந்தது, 152 நாட்கள்!

இதை வத்தல்மலைக்குக் கொண்டுவந்தால் கேள்வி மாறிவிடும். எந்தச் சென்சார் வாங்குவது என்பது இரண்டாம் பட்சம். அது அனுப்பும் செய்திக்கு யார் பொறுப்பாளி? தருமபுரி உட்பட 27 மாவட்டங்களில் 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்து, தனி அலுவலர்களிடம் நிர்வாகம் போனது. தண்ணீர் வரவில்லை என்று வாசலில் நின்று சண்டை போட ஊரில் ஒரு தலைவர் இருப்பதும், மலையிறங்கிப் போய் அலுவலரைப் பார்ப்பதும் ஒன்றாகிவிடாது. பணம் அறவே இல்லை என்றும் சொல்ல முடியாது. பதினைந்தாவது நிதிக்குழு ஊராட்சிகளுக்குப் பரிந்துரைத்த மானியத்தில் 60 விழுக்காடு குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்றே கட்டி வைக்கப்பட்டது. அதில் ஒரு பங்கைப் பழுதுபார்க்கும் ஆண்டு ஒப்பந்தமாக மாற்றினால் மெக்கானிக்குக் கூலி உறுதி, ஊருக்குக் கெடு உறுதி.

இன்னொரு வரிசைப் பிழையும் உண்டு. மோட்டார் எரிந்ததை அறிவிக்கும் கருவிக்கு முன்னால், எரியாமல் தடுக்கும் கருவி வேண்டும். மலைக்கு வரும் மின்கம்பியில் மரம் சாய்ந்து மூன்று பேஸில் ஒன்று போகும். மோட்டார் இரண்டு பேஸில் ஓட முயன்று கருகும். இல்லையென்றால் போரில் தண்ணீர் இறங்கிப்போய், வெறுமனே சுற்றிச் சூடேறி எரியும். இரண்டையும் உணர்ந்து மோட்டாரை நிறுத்திவிடும் தடுப்பான்கள் ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் அடங்கிவிடும். விலையும் பெரிதல்ல. ஆட்சியர் அலுவலகச் சுவரில் பெரிய திரை மாட்டும் செலவில் மலையின் எல்லா மோட்டார்களையும் காப்பாற்றிவிடலாம் என்பது என் துணிபு. திரைக்குத் திறப்பு விழா நடத்தலாம், தடுப்பானுக்கு நடத்த முடியாது. சிக்கல் அங்கேதான் இருக்கிறதோ என்னவோ.

சென்சாரின் உண்மையான பலன் பழுதுச் செய்தியில் இல்லை, நீர்மட்டக் கணக்கில் இருக்கிறது. இந்த மலைகள் கெட்டிப் பாறை. மேலே சிதைந்த பாறையிலும் கீழே வெடிப்புகளிலும்தான் தண்ணீர் நிற்கும். நூறடி தள்ளி இரண்டு போர் போட்டால் ஒன்றில் தண்ணீர், மற்றதில் புழுதி. ஒரு போர் எவ்வளவு கொடுக்கும் என்பது போட்ட அன்றைய பாய்ச்சலில் தெரியாது. மோட்டாரை நிறுத்திய பிறகு எத்தனை மணி நேரத்தில் ஊறி ஏறுகிறது என்பதில்தான் தெரியும். மழைக்காலத்தில் இரண்டு மணியில் ஊறும் போர் பங்குனியில் எட்டு மணி எடுக்கலாம். அந்த மாற்றம் ஓராண்டு பதிவாகியிருந்தால், கோடை வருவதற்கு ஒன்றரை மாதம் முன்பே ‘இந்தப் போர் தாங்காது, கிணற்றைத் தூர்வாருங்கள், ஊற்றுக் குழாயைச் சரிசெய்யுங்கள்’ என்று சொல்லலாம். இப்போது லாரி வந்த பிறகுதான் வறட்சி அதிகாரபூர்வமாகிறது. மலைக்கு லாரியில் தண்ணீர் ஏற்றும் டீசல் செலவை நினைத்துப் பார்த்தால் நீர்மட்டச் சென்சார் மலிவுதான்.

எங்கே பொருத்துவது என்பதிலும் அரசியல் இருக்கிறது. தொட்டியில் மட்டும் வைத்தால் தொட்டி நிறைந்தது என்று திரை பச்சை காட்டும். மேட்டுத் தெருவின் கடைசிக் குழாய் காற்றைத்தான் கக்கும். சரிவில் அமைந்த ஊரில் பள்ளத்து வீட்டுக்குக் கொட்டுவதும் மேட்டு வீட்டுக்குச் சொட்டுவதும் தினப்படி வழக்கு. அழுத்தமானி ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் அதைக் கடைக்கோடிக் குழாயில் வையுங்கள்.

டேங்க் ஆபரேட்டரை மறந்துவிடக் கூடாது. சொற்பச் சம்பளத்தில், விடியலிலும் இரவிலும் வால்வு திருப்புகிறவர் அவர். எந்த வால்வில் ஏர்லாக் ஆகும், எந்தத் திருப்பத்தில் குழாய் ஒழுகும் என்பது அவருக்கு அத்துப்படி. சென்சார் அவர் கைக்கு உதவியாக வந்தால் ஏணி ஏறும் வேலை மிச்சம். ‘காலை ஆறு மணிக்கு ஏன் மோட்டார் போடவில்லை’ என்று மேலிருந்து கேட்கும் கருவியாக வந்தால், ஒரு மாதத்தில் அதன் ஒயர் எப்படியோ அறுந்திருக்கும். அதற்கு அவரைக் குறைசொல்லவும் முடியாது.

கருவியும் கெடும். மலையில் இடி விழும்போது மின்னணு அட்டைகள்தாம் முதலில் போகும். தொட்டி மூடியின் அடியில் ஈரம் படிந்தால் மட்டம் அளக்கும் சென்சார் உளறும். வளைவுக்கு வளைவு சிக்னல் மாறும் இடத்தில், செய்தியைச் சேர்த்து வைத்துக் கிடைத்தபோது அனுப்பும் வசதி இல்லாத கருவியை வாங்கக் கூடாது. எல்லாம் சரியாக இருந்து, உள்ளே இருக்கும் சிம் கார்டுக்கு ரீசார்ஜ் செய்ய எந்தக் கணக்குத் தலைப்பிலும் இடமில்லாமல் முடங்கவும் கூடும். தண்ணீரின் தரத்துக்கோ, இப்போதைக்குச் சோதனைப் பெட்டியே போதும். ஊருக்கு ஐந்து பெண்களுக்கு அதில் பயிற்சி தர வேண்டும் என்று ஜல் ஜீவன் வழிகாட்டுதலே சொல்கிறது.

ஆகவே வத்தல்மலைக்குச் சென்சார் வருமானால், டெண்டரில் கருவியின் பெயருக்கு முன்னால் மூன்று நிபந்தனைகளை எழுத வேண்டும். பழுதுச் செய்தி அலுவலகத்துக்குப் போகும் அதே நேரத்தில் ஆபரேட்டருக்கும், ஊர்க் குடிநீர்க் குழுவின் பெண் உறுப்பினர் இருவருக்கும் தமிழில் போக வேண்டும். எத்தனை நாளில் சரிசெய்ய வேண்டும் என்ற கெடுவும், தவறினால் பிடித்தமும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். தொட்டிக்குக் கீழே பலகையில் மோட்டார் நின்ற தேதியும் ஓடிய தேதியும் எழுதப்பட வேண்டும். மூன்றாவதற்குக் கருவியே தேவையில்லை; நாளைக்கே தொடங்கலாம்.